சுண்ணாம்பு தடவாத ஒரு கலயம்: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

சொந்த நிலத்தில் நிற்கும் பனையிலிருந்து, விற்பதற்காக இல்லாமல் வீட்டுப் பயனுக்காக மட்டும், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கள் இறக்கிக்கொள்ள அனுமதி கேட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்திருந்தேன். ஏழு வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. நடைமுறையில் உள்ள சட்டத்தில் இதற்கு வழிவகை இல்லை என்கிறது அந்த வரி. பதில் எழுதிய அலுவலரை நான் குறை சொல்லவில்லை. உள்ளபடியே சட்டத்தில் வழி இல்லை. அதை உண்டாக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அந்த அதிகாரம் உங்களுக்கு இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

மனுக் கொடுக்கும் நிலைக்கு நான் வந்ததற்குக் காரணம் சென்ற சித்திரையில் நடந்தது. எங்கள் நிலம் தென்மாவட்டம் ஒன்றில் செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. வரப்போரமாகப் பதினேழு பனைகள், எல்லாம் என் தாத்தா காலத்து மரங்கள். அவற்றில் ஆறு மரங்களைப் பனையேறி அண்ணன் ஒருவர் பங்குக்கு எடுத்துப் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறார். அவருக்கு வயது அறுபத்தொன்று. தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு உறவினர் எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது, எழுபத்தெட்டு வயதாகும் என் தாயார், கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவில் ஆப்பம் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஈஸ்ட் போட்ட ஆப்பம் அவருக்கு ஆப்பமே இல்லை. நான் அண்ணனிடம் போய், ஒரே ஒரு கலயத்தில் மட்டும், சாறு கள்ளாகப் புளிக்கும்படி, சுண்ணாம்பு தடவாமல் கட்டுங்கள் என்று சொன்னேன். அவர் தயங்கினார். வற்புறுத்தியது நான்.

மறுநாள் காலை அவர் கலயத்தோடு மரத்தைவிட்டு இறங்கியபோது அடியில் இரண்டு பைக்குகள் நின்றன. ஒரு காவலர் கலயத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். விரலை விட்டு நுரையை எடுத்து இன்னொருவரிடம் காட்டினார். பிறகு ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை மண்ணில் கவிழ்த்தார்கள். தேரி மண் எதையும் உடனே உறிஞ்சிவிடும். அன்று நுரை மட்டும் சற்று நேரம் சிவப்பு மண்ணின்மேல் வெள்ளையாக நின்றது. மரம் என்னுடையது, கட்டச் சொன்னதும் நான், வழக்குப் போடுவதானால் என்மேல் போடுங்கள் என்றேன். மரத்தைச் சீவியவரோடு, தன் மரத்தைச் சீவ விட்ட உரிமையாளரையும் குற்றவாளி என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனாலும் தாளில் ஏறியது அண்ணனின் பெயர் மட்டும். ‘சுமார் 3 லிட்டர் கள்’ என்று எழுதினார்கள். அளக்கவில்லை.

அதன் பிறகு நீதிமன்றத்துக்கு அவர் நான்கு முறை போய்வந்தார். அந்த நான்கு நாள் கூலியை நான் கொடுத்துவிட்டேன், அது பெரிதில்லை. பனையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாளையைக் காலையும் மாலையும் விடாமல் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். சில வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து, ஊறல் குறைந்து, அந்தப் பாளை அந்தப் பருவத்துக்கு முடிந்துபோகும். ஆறு மரங்களில் இரண்டு மரங்களின் பாளைகள் அப்படிப் போயின. என் தாயாரின் ஆப்பத்துக்காக அவர் கொடுத்த விலை அது. இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பதைக்கூட அவர் நிறுத்திவிட்டார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம், அதன் 4ஆம் பிரிவில், மது தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் கொண்டுசெல்வதையும் குற்றமாக்குவதோடு, கள் தரும் மரத்தைச் சீவுவதையும் சீவ அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. விற்றாரா, வீட்டுக்கு வைத்துக்கொண்டாரா என்று பிரித்துப் பார்த்து விலக்களிக்க அங்கே இடமில்லை. லாரி நிறையக் கடத்துகிறவரும், ஆப்ப மாவுக்கு ஒரு கலயம் இறக்குகிறவரும் ஒரே பிரிவின் வாசலில்தான் நிற்கிறார்கள். தண்டனை வேறுபடலாம், குற்றவாளி என்ற பெயர் வேறுபடுவதில்லை.

பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வேறுபாடு கலயத்தின் உட்புறத்தில் தடவும் சுண்ணாம்பு மட்டுமே. மரம் அதே மரம், பாளை அதே பாளை, அரிவாளும் அதே அரிவாள். சுண்ணாம்பு இருந்தால் சாற்றில் காற்றிலிருந்தும் கலயத்திலிருந்தும் சேரும் ஈஸ்ட் வேலை செய்யாமல் நிற்கும். இல்லையென்றால் பாளையிலிருந்து சொட்டும்போதே அது வேலையைத் தொடங்கிவிடும். இதில் அடுப்பு இல்லை, சாராயம் வடிக்கும் வாலை இல்லை, சேர்மானம் இல்லை. மனிதர் கை செய்வது சீவுவதும் கலயம் கட்டுவதும்தான். இரவில் வெக்கை கூடினாலோ சுண்ணாம்பு சற்றுக் குறைந்தாலோ பதநீரே காலைக்குள் புளிப்பு ஏறி நிற்பது எந்தப் பனையேறிக்கும் தெரிந்த சங்கதி. அன்று அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார். கலயத்தை முகர்ந்து பார்ப்பவரின் மூக்குத்தான் அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு, 1974க்குள் மறுபடி நடைமுறைக்கு வந்து, 1981இல் மீண்டும் தளர்ந்து, 1987 தொடக்கத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. நடுவில் கிடைத்த அந்த ஐந்தாறு ஆண்டுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் தாத்தாவுக்கு மாலையில் ஒரு செம்பு கள் வந்துவிடும். அதைக் குடித்துவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். எங்கள் வீட்டில் குடியால் சீரழிந்தவர் ஒருவர் உண்டு, என் சித்தப்பா. அவர் சீரழிந்தது 1990களில், கடையில் வாங்கிய பாட்டிலால். அப்போது கள் எங்கள் ஊரில் இல்லை. கள் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. குடியில் விழுந்தவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் கள்ளுக்குத் தடை என்று சொல்லப்படும்போது, எங்கள் வீட்டில் அந்தத் தடை யாரையும் காப்பாற்றவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

1983இல் தொடங்கப்பட்டு 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக், 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள பிராந்தியையும் விஸ்கியையும் அரசின் பெயரில் விற்கிறது. காலையில் இறக்கிய கள்ளில் இருப்பது பொதுவாக 4 முதல் 6 சதவீதம், ஏறத்தாழ ஒரு சாதாரண பியரின் அளவு. வீரியம் குறைந்ததை வீட்டில் வைத்திருந்தால் குற்றம், வீரியம் மிகுந்ததைக் கடையில் வாங்கினால் ரசீது என்ற இந்த ஏற்பாட்டுக்கு, அரசின் வருவாயைத் தவிர வேறு காரணம் ஏதேனும் இருந்தால் அதைப் பேரவையில் சொல்லுங்கள். கேட்டுக்கொள்ள நாங்கள் தயார்.

அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது என்று பதில் வரக்கூடும். அது நியாயமான வாதம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கடை நடத்தும் அரசின் வாயிலிருந்து வரும்போது அதற்கு வலு இல்லை. மேலும், மது பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலப் பட்டியலில், அதாவது உங்கள் கையில் இருக்கிறது. தில்லியைக் காரணம் காட்ட இதில் வழியில்லை.

வீட்டுப் பயன் வேறு, விற்பனை வேறு என்று பிரிப்பது உலகில் புதிதும் இல்லை. என் அக்காள் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வீட்டு நிலவறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் பார்லி மால்ட்டைக் காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, ஒரு தடவைக்கு ஏறத்தாழ 19 லிட்டர் பியர் செய்கிறான். வீடியோவில் காட்டினான். மூடியில் பொருத்திய சிறு கண்ணாடிக் குழாயில் குமிழி வந்துகொண்டிருந்தது, எங்கள் கலயத்தில் வருவது போலவே. போலீஸ் வராதா என்று அவனிடம் நான் கேட்ட முதல் கேள்விக்கு அவன் சிரித்தான். அந்த நாட்டில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்வதற்கு விலக்குக் கிடைத்து, பியர் மட்டும் விடுபட்டுப்போயிற்று. அதைச் சரிசெய்ய 45 ஆண்டுகள் ஆயின. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை, வரி கட்டாமல் பியர் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. வடிக்கவும் கூடாது, வாலை வைத்துச் சாராயம் இறக்குவது அங்கே இன்றும் குற்றம். அங்கும் மாநிலங்கள் தங்கள் அளவில் தடை வைத்துக்கொள்ளலாம் என்பதால், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை பிடிவாதமாக நின்று கடைசியில் இறங்கி வந்தன. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பியர் செய்ய உரிமம் தேவைப்பட்டது; அந்த உரிமத்தை 1963இல் எடுத்துவிட்டார்கள். இதற்கு மாறாக ஜப்பானில், 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள எதையும் உரிமமில்லாமல் வீட்டில் தயாரிக்கக் கூடாது என்ற விதி இன்னும் இருக்கிறது. ஆகவே உலகமே ஒரு பக்கம் என்று நான் சொல்லவில்லை. தடையை நீக்கிய நாடுகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டன: வீட்டுக்கு என்றால் சரி, அளவுக்குள் என்றால் சரி, விற்பனையும் வடிப்பும் கூடாது.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்காக நம் நாட்டையே பார்க்கலாம். அசாமில் பழங்குடி மக்கள் அரிசிக் கள்ளைத் தங்கள் வீட்டுப் பயனுக்காகத் தயாரிக்க இடம் உண்டு. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பழங்குடியினர் இலுப்பைப்பூவிலிருந்து வீட்டுக்கு வேண்டிய மதுவை, அதுவும் வடித்தே எடுக்க, அளவு கட்டி அனுமதித்திருக்கிறார்கள். பக்கத்தில் கேரளத்தில் கள் சட்டப்படி இறக்கப்பட்டு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. நான் கேட்பது கேரளத்தின் அளவுக்குக்கூட இல்லை. கடை வேண்டாம், ஏலம் வேண்டாம், உரிமம் வேண்டாம். என் மரம், என் கலயம், என் வீடு, அவ்வளவுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் இரண்டுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கலப்படமும் விஷச்சாவும். 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததை யாரும் மறக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பேரவை மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அது சரியான நடவடிக்கை. ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். தொழிற்சாலைக்கென்று தயாராகும் அந்த நஞ்சைச் சாராயம் என்று சொல்லி விற்றார்கள். பனஞ்சாறு தானாகப் புளிப்பதில் உயிரைப் பறிக்கும் அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. கள்ளில் தூக்க மருந்து கலந்து விற்ற செய்திகள் வேறு மாநிலங்களிலிருந்து வந்ததுண்டு, அதையும் மறைக்கவில்லை. அங்கேயும் கலந்தவர்கள் விற்றவர்கள். தன் தாய் ஊற்றும் ஆப்ப மாவில் தூக்க மருந்தைக் கலக்கிற மகன் எந்த ஊரிலும் இல்லை. கலப்படத்துக்குக் காரணம் லாபம். விற்பனையை விலக்கிவிட்டால் அந்தக் காரணமும் விலகிவிடுகிறது.

இரண்டாவது, வீட்டுக்கு என்று சொல்லி இறக்கிப் பின்வாசலில் விற்பார்கள் என்ற அச்சம். இது அதைவிடக் கனமான வாதம், ஏனென்றால் சிலர் செய்யக்கூடும். ஆனால் கள்ளின் இயல்பே இதில் பாதிக் காவலாக இருக்கிறது. காலையில் இறக்கியது மதியத்துக்குள் கடுத்துவிடும், மறுநாள் காடியாகத் தொடங்கும். பதுக்கி வைத்துக் கூட்டிச் சேர்க்க முடியாத பொருள் அது. வீட்டில் ஒரே நேரத்தில் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று லிட்டர் கணக்கில் ஒரு வரம்பு வைத்தால், மீறியவரைக் கண்டுபிடிக்க ஓர் அளவுப் படி போதும். இன்றைக்குக் காவலர்கள் தேரிக்காட்டில் கலயம் கலயமாக முகர்ந்து செலவிடும் நேரத்தை, விற்பவரைப் பிடிக்கச் செலவிடலாம்.

மூன்றாவதாக ஒன்றை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. பேச்சில் மட்டும் தெரியும். பனையேறியின் பொருள் என்பதால் கள் மட்டமானது என்ற எண்ணம் அது. கிறிஸ்துமஸுக்கு முன்பு எத்தனையோ வீடுகளில் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஊறுகின்றன. இந்தச் சட்டத்தின் எழுத்தை அப்படியே பிடித்தால் அந்த ஜாடிகளும் தப்பாது. ஆனால் அந்த வீடுகளின் சமையலறைக்குள் யாரும் நுழைந்து முகர்வதில்லை, நுழையவும் வேண்டாம். எங்கள் மரத்தடிக்கும் அதே மரியாதை வேண்டும்.

பனை இந்த மாநிலத்தின் மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தீர்கள், வரவேற்றோம். ஆனால் ஏற ஆளில்லாத பனை எத்தனை நாள் நிற்கும்? எங்கள் பதினேழில் பதினொன்று சும்மா நிற்கின்றன. அண்ணனின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அப்பா மேல் வழக்கு விழுந்த பிறகு அவன் திரும்பி வந்து தளைநாரைக் காலில் மாட்டுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுப் பயனுக்கான விலக்கு ஒன்றைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். 21 வயது நிறைந்த எவரும், தன் மரத்திலிருந்தோ உரிமையாளரின் சம்மதத்தோடு இன்னொருவர் மரத்திலிருந்தோ, வீட்டுப் பயனுக்கு மட்டும் கள் இறக்கலாம் என்று அது சொல்லட்டும். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் 5 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் யோசனை. நீங்கள் மூன்று என்றாலும் ஏற்போம், ஆனால் அது சட்டத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். விற்பது, பண்டமாற்றாகக் கொடுப்பது, வடிப்பது, எதையாவது கலப்பது ஆகியவற்றுக்கு இப்போதுள்ள தண்டனை அப்படியே இருக்கட்டும். வடிக்காமல் புளிக்கவைத்து மட்டும் வீட்டில் செய்யும் திராட்சை ஒயினுக்கும் பியருக்கும் இதே விலக்கை இதே வரம்போடு நீட்டுங்கள். நாளை இன்னொரு வீட்டார் இன்னொரு மடல் எழுத வேண்டியிராது.

இறக்கும் வீட்டார் பருவத்துக்கு ஒரு முறை கிராம நிர்வாக அலுவலரிடம் மரங்களின் எண்ணிக்கையையும் ஏறுபவரின் பெயரையும் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினால் போதும் என்று வையுங்கள். அதற்குக் கட்டணமோ முன்னனுமதியோ வேண்டாம். அந்தச் சீட்டு இருக்கும்போது மரம் ஏறியவர்மேல் வழக்குப் போடக் கூடாது. மீறல் இருந்தால் பொறுப்பு வீட்டாருக்கு என்று தெளிவாக எழுதுங்கள். கைப்பற்றுவதானால் அந்த இடத்திலேயே அளந்து, அளவைத் தாளில் குறித்து, மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, அறிக்கை வந்த பிறகே வழக்குப் பதிய வேண்டும். ‘சுமார்’ என்ற சொல்லுக்கு அந்தத் தாளில் இடம் இருக்கக் கூடாது. இந்த விதிகளை வகுக்கும் குழுவில் பனையேறிகள் இருவராவது இருக்க வேண்டும். குடியால் பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண்களும் இருக்க வேண்டும், அவர்கள் எதிர்த்துப் பேசினாலும்.

கடைசியாக, விற்றதற்கான சான்று எதுவும் இல்லாமல் 5 லிட்டருக்குக் குறைவான கள்ளுக்காகத் தொடரப்பட்டு நிலுவையில் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெற அரசை வற்புறுத்துங்கள். அவற்றில் ஒன்று எங்கள் அண்ணனுடையது. தை பிறந்தால் பாளை வெளிவரத் தொடங்கும். அதற்கு முன்பு இந்தக் கோரிக்கைகள்மேல் உங்கள் முடிவு என்ன என்பதை, மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு, எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதினேழு பனைகளின் உரிமையாளன் ஒருவன்